புழுவெட்டு இல்லை, படர்தாமரை: மன்னார்குடியில் மகளின் தலைக்குப் பார்த்த வைத்தியம்

மெல்போர்னிலிருந்து மன்னார்குடிக்கு அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட உட்கார வைத்தபோதுதான் பார்த்தேன். ஆறு வயது மகளுக்கு வலது காதுக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சொட்டை. கிட்டத்தில் பார்த்தால் முழுச் சொட்டை இல்லை. முடியெல்லாம் தோலுக்குச் சற்று மேலே ஒடிந்து, சாம்பல் பூசியதுபோல் செதில் படிந்திருந்தது.

"புழுவெட்டுடி, சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய்" என்றார் பெரியம்மா. தேய்த்தோம். எரிகிறது என்று அழுதாள். அப்புறம் கடைத்தெருவில் ஒரு மெடிக்கலில் கேட்டதற்கு, சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு டியூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது. நிம்மதியாக இருந்தேன். பத்தாம் நாள் அந்த இடம் வீங்கி, தொட்டால் கொழகொழவென்று, முடிக்கால்களிலிருந்து சீழ் கசிந்தது. கழுத்தில் நெறி கட்டிவிட்டது. கட்டியைக் கீறிவிட்டால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நல்லவேளை, செய்யவில்லை.

மறுநாள் தஞ்சாவூரில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே போனதும் அவர் கேட்டது, "வீட்டில் பூனை இருக்காம்மா?" இருந்தது. கொல்லையில் குட்டி போட்டிருந்தது. வந்த நாள் முதல் மகள் அதை மடியிலிருந்து இறக்கவில்லை. விளக்கை அணைத்து ஊதா ஒளி விளக்கைத் தலைக்கு மேல் பிடித்தார். ஒடிந்த முடிகள் பச்சையாக ஒளிர்ந்தன. நாலு முடியைப் பிடுங்கிக் கண்ணாடிச் சில்லில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, பத்து நிமிடத்தில் மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். முடியைச் சுற்றி ஜவ்வரிசி ஒட்டினாற்போல் பொடி உருண்டைகள். படர்தாமரைப் பூஞ்சை.

புழுவெட்டு என்றால் தோல் வழவழப்பாக இருக்கும், செதில் இருக்காது, அது தொற்றுவதும் இல்லை என்று விளக்கினார். பிறகு டியூப்பைத் திருப்பிப் பார்த்தார். குளோபெட்டசால், வீரியமான ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கிவிட்டு, பூஞ்சையை உள்ளே வளரவிடும். 2018 மார்ச்சிலேயே மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. அப்படியிருந்தும் ஒரு குழந்தையின் தலைக்கு அதைக் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பூஞ்சை முடியின் வேருக்குள் இருப்பதால் எந்தக் களிம்பும் அங்கே எட்டாது, உள்ளுக்கு மாத்திரைதான். கிரைசியோஃபுல்வின், எடைக்கு ஏற்ற அளவில், எட்டு வாரம். கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் சேரும் என்றார். அம்மா தினமும் நெய்ச்சோறு பிசைந்து ஊட்டினார். வாரம் இரண்டு முறை பூஞ்சைக்கான கீட்டோகோனசோல் ஷாம்பு, வீட்டில் எல்லோருக்கும். சீப்பும் தலையணை உறையும் தனி. வீக்கம் என்பது பூஞ்சையோடு உடம்பு சண்டை போடுவது, கீறினால் தழும்பாகி அந்த இடத்தில் முடியே வராமல் போகலாம் என்றும் சொன்னார். பூனைக்குட்டியை அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தம்பி கொண்டுபோனான்.

புறப்படும்போது மிச்ச வாரங்களுக்கான மாத்திரையோடு, நோயின் பெயரும் மருந்தின் அளவும் எழுதிய கடிதம் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிடுங்கிய முடியிலிருந்து பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் முடிவு மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் வந்தது: மைக்ரோஸ்போரம் கேனிஸ், பூனை, நாயிடமிருந்து தொற்றும் பூஞ்சை. இங்கே மெல்போர்னில் எங்கள் டாக்டருக்கு அந்தக் கடிதமும் இந்த முடிவும் போதுமானதாக இருந்தன. எதையும் மாற்றாமல் அதே மருந்தைத் தொடரச் சொன்னார்.

காதுக்கு மேலே இப்போது அரை அங்குலத்துக்கு முடி வந்திருக்கிறது. சடைக்குள் அடங்காமல் நட்டுக்கொண்டு நிற்கிறது.