அவுட்சோர்சிங் ஸ்டுடியோவா, மொபைல் கேம் கம்பெனியா?

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு தம்பி வந்திருந்தான். ஊர் தருமபுரிப் பக்கம், தங்கியிருப்பது ஓசூரில் அவன் அக்கா வீட்டில். விஸ்காம் முடித்துவிட்டு ஒரு வருஷமாக 3டி உருவங்கள் செய்யும் ப்ளெண்டர் மென்பொருளே கதியென்று இருக்கிறான். இப்போது இரண்டு இடத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று வெளிநாட்டு கேம்களுக்கு 3டி ஆர்ட் செய்து கொடுக்கும் அவுட்சோர்சிங் ஸ்டுடியோ. இன்னொன்று சொந்தமாக மொபைல் கேம் போடும் கம்பெனி, சம்பளமும் கொஞ்சம் கூட. "எதுக்குப் போறதுக்கா?" என்றான். இரண்டிலும் வேலை பார்த்தவள் என்பதால் அவனிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

பெங்களூரில் கேம் ஆர்ட் வேரூன்றியதே அவுட்சோர்சிங்கில்தான். 1997-ல் இங்கே தொடங்கிய துருவா இன்டராக்டிவ் அப்படித்தான் வளர்ந்தது. 2019-ல் அதை ஜிடிஏ கேம் செய்யும் ராக்ஸ்டார் வாங்கித் தன் இந்தியப் பிரிவோடு சேர்த்துக்கொண்டது. இந்த வகை ஸ்டுடியோவில் காலையில் ஒரு கான்செப்ட் படம், எத்தனை முக்கோணத்துக்குள் முடிக்க வேண்டும் (3டி உருவம் முக்கோணங்களால் ஆனது), அதன் மேல் போர்த்தும் படமான டெக்ஸ்சர் என்ன அளவு என்று குறிப்பு வரும். அதற்குள் செய்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்க எளிது. என் முதல் வேலை ஓர் அரிக்கேன் விளக்கு. ஆறு தடவை திரும்பி வந்தது. லோ-பாலி மாடலில், அதாவது குறைந்த முக்கோணங்களில் செய்த எளிய வடிவத்தில், கூர்விளிம்பு வைத்த இடத்தில் யூவி-யை (மேற்பரப்பைத் தட்டையாக விரித்த வரைபடம்) வெட்டாமல் விட்டிருந்தேன். நுணுக்கமான மாடலின் மேடுபள்ளங்களை எளிய மாடலுக்குப் படமாகப் பதிக்கும் நார்மல் மேப்பை பேக் செய்தபோது அந்த விளிம்பில் மெல்லிய கோடு ஒன்று விழுந்துவிட்டது. நேர் வெளிச்சத்தில் அது தெரியவே தெரியாது. என் லீட் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எதுவும் பேசாமல் திரையில் மாடல்மேல் விழும் லைட்டை மட்டும் மெதுவாகச் சுற்றினார். பாதிச் சுற்றில் கோடு பளிச்சென்று தெரிந்தது. அன்றிலிருந்து எந்த மாடலையும் லைட்டைச் சுற்றிப் பார்க்காமல் நான் அனுப்பியதில்லை. அந்தக் கண் எனக்கு யூடியூபில் கிடைக்கவில்லை. தப்பைத் தொட்டுக் காட்ட ஒரு சீனியர் பக்கத்திலேயே இருந்தார், அதனால் கிடைத்தது.

ஆனால் இதில் ஒரு பெரிய வலி உண்டு. செய்த வேலையை வெளியே காட்ட முடியாது. கேம் வெளிவரும் வரை வாய் திறக்கக் கூடாது, சில ஒப்பந்தங்களில் வெளிவந்த பிறகும் கூடாது. நான் இரண்டு வருஷம் ராப்பகலாக உழைத்துவிட்டு அடுத்த இன்டர்வியூவுக்குப் போனபோது, கையில் காட்ட இருந்தது படிக்கிற காலத்தில் செய்த பழைய மாடல்கள்தான். அன்று எவ்வளவு கூசிப்போனேன் என்று சொல்லி முடியாது. அதோடு, பீப்பாய் செய்பவர் வருஷக்கணக்கில் பீப்பாயே செய்துகொண்டிருக்கும் ஆபத்தும் உண்டு.

மொபைல் கம்பெனியில் இது தலைகீழ். கேம் டிசைனரும் புரோகிராமரும் எதிர் மேஜையில் இருப்பார்கள். நீங்கள் வரைந்தது அடுத்த அப்டேட்டில் ப்ளே ஸ்டோருக்குப் போய்விடும், மறுநாளே யாரிடமும் காட்டலாம். ஐகான், பட்டன், கேரக்டர், விளம்பரப் படம் என்று எல்லாவற்றிலும் கை வைக்கலாம். கேமை உருவாக்கும் மென்பொருளான யூனிட்டிக்குள் உங்கள் படம் எப்படி ஓடுகிறது, ஃபைல் பெரிதானால் விலை குறைந்த போனில் என்ன ஆகிறது என்பதும் தானாகப் புரிந்துவிடும். ஒருமுறை ஒரு புதையல் பெட்டிக்கு மூன்று நாள் நகாசு வேலை செய்தேன். டிசைனர் தன் போனைக் கை நீட்டிப் பிடித்துக் காட்டினார். திரையில் ஒரு பழுப்புக் கட்டி, அவ்வளவுதான் தெரிந்தது. தூரத்திலிருந்தும் அடையாளம் தெரியும் உருவம் வேண்டும் என்று அங்கேதான் கற்றேன்.

குறை என்னவென்றால், சின்ன டீமில் சொல்லித்தர ஆளிருக்காது. ஆர்ட்டிஸ்ட் இரண்டு பேர் என்றால், இருவரும் ஒரே தப்பை வருஷக்கணக்கில் செய்துகொண்டிருக்கலாம். மாதாமாதம் ஈவென்ட் வரும். தீபாவளிக்கு ஒரு நிறம், கிறிஸ்துமஸுக்கு ஒரு நிறம், பெட்டி அதே பெட்டி.

வேலை நிலைக்குமா என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். படங்களுக்கும் கேம்களுக்கும் கிராஃபிக்ஸ் செய்து கொடுத்த, பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட டெக்னிகலர் 2025 பிப்ரவரியில் சரிந்தபோது, இங்கே ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களும் தெருவுக்கு வந்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடை செய்யும் சட்டம் வந்தது. அந்த வருமானத்தை நம்பியிருந்த கம்பெனிகளில் ஆர்ட்டிஸ்டுகளும் வேலை இழந்தார்கள். அதனால் மொபைல் கம்பெனி என்றால், பணம் எந்த வழியில் வருகிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

நாலு நண்பர்கள் சேர்ந்து சொந்தமாக கேம் செய்வது மூன்றாவது வழி. புனேயில் ஒரு சின்னக் குழு செய்த ராஜி என்ற கேம் 2020-ல் வெளிவந்து உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. ஆனால் முதல் வருஷ வாடகைக்கு அதை நம்ப முடியாது. லட்சக்கணக்கில் கடன் வாங்கி கோர்ஸில் சேருவதையும் நான் சொல்லமாட்டேன். ப்ளெண்டருக்குக் காசு இல்லை, யூனிட்டி மாதிரியான அன்ரியலையும் இலவசமாகவே கற்கலாம்.

சரி, என் தீர்ப்பு என்ன? 3டி-தான் உயிர் என்றால், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் முதல் இரண்டு வருஷம் அவுட்சோர்சிங் ஸ்டுடியோ. ஆனால் கையெழுத்துக்கு முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். என் வேலையை யார் பார்த்துத் திருத்துவார்கள்? கேம் வெளிவந்தபின் காட்டலாமா? இத்தனை காலம் விலகக் கூடாது என்ற பாண்ட் உண்டா? ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் அங்கே சேரவே சேராதீர்கள். என் தோழி ஒருத்தி அதை மீட்க எட்டு மாதம் அலைந்தாள். 2டி-யில், வரைகிற கையில் பலம் என்றால் நேராக மொபைல் கம்பெனிக்கே போகலாம்.

தம்பி 3டி ஆள். அவன் போர்ட்ஃபோலியோவில் பத்து வேலை இருந்தது. வாள், துப்பாக்கி என்று எல்லோரும் செய்கிற ஏழு வேலைகளை எடுத்துவிடச் சொன்னேன். மீதியில் ஒரு டீக்கடை. பித்தளை பாய்லர் முழுக்க மங்கி, மாஸ்டர் கை படும் குழாய்ப்பிடி மட்டும் தேய்ந்து மினுங்கிக்கொண்டிருந்தது. "இதை யார்டா சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன். "எங்க ஊர்க் கடைல பாத்ததுக்கா" என்றான். அதை முதலில் வைக்கச் சொன்னேன். அப்புறம் லைட்டைச் சுற்றிப் பார்த்தோம். பெஞ்சுக் காலில் ஒரு கோடு தெரிந்தது. அதைச் சரிசெய்யத்தான் ஏழரை மணி பஸ்ஸைப் பிடித்து ஓசூருக்குக் கிளம்பினான்.