கண் உறுத்தாத போன் திரை: எல்சிடியா, அமோலெட்டா, காகிதத் திரையா?

மதுரை டவுன்ஹால் ரோட்டில் எந்தக் கடையில் போய் "எந்தத் திரை கண்ணுக்கு நல்லது?" என்று கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "அமோலெட் எடுத்துக்கங்கண்ணே, கலர் சும்மா பளிச்சுன்னு இருக்கும்." நாம் கேட்டது கண்ணைப் பற்றி, அவர் சொல்வது கலரைப் பற்றி. அவரைக் குறை சொல்லவும் முடியாது. பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதும் அதுதான்.

என் கணக்கு வேறு. போனை நீங்கள் எந்த நேரத்தில், எவ்வளவு வெளிச்சத்தில் அதிகம் பார்க்கிறீர்கள் என்று முதலில் யோசியுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கையில் படிக்கிறவருக்கு ஏற்ற திரையும், உச்சி வெயிலில் மாட்டுத்தாவணியில் நின்று பஸ் டிக்கெட்டைத் திறந்து காட்டுகிறவருக்கு ஏற்ற திரையும் ஒன்றாக இருக்காது.

ராத்திரியில் இருந்தே தொடங்கலாம், புகார் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. எல்சிடியில் திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு எரியும். முன்னால் இருக்கும் படிகங்கள் அந்த வெளிச்சத்தை விட்டும் தடுத்தும் படத்தைக் காட்டும். அமோலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், கறுப்பு வேண்டிய இடத்தில் அணைந்தேவிடும். பிரச்சினை வெளிச்சத்தைக் குறைக்கும்போது வருகிறது. பெரும்பாலான அமோலெட் திரைகள் மின்சாரத்தைக் குறைத்து மங்குவதில்லை. ரெகுலேட்டர் இல்லாத ஃபேனைச் சுவிட்சைப் போட்டுப் போட்டு நிறுத்தியே மெதுவாகச் சுற்ற வைப்பது போல, திரையை வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து அணைத்து எரிய விடுகிறார்கள். அணைந்திருக்கும் நேரம் கூடினால் நமக்கு மங்கலாகத் தெரியும். இந்த முறையைத்தான் பிடபிள்யூஎம் என்கிறார்கள்.

இந்தத் துடிப்பு கண்ணுக்கு நேரடியாகத் தெரியாது. பலருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு மட்டும் அரை மணி நேரத்தில் கண் பாரமாகி, நெற்றிப் பொட்டு வலித்து, லேசாகக் குமட்டவும் செய்யும். எங்கள் வீட்டிலேயே அண்ணன் நள்ளிரவு வரை அமோலெட்டில் கிரிக்கெட் பார்ப்பார், காலையில் சாதாரணமாக எழுந்து போவார். அதே போனில் மதினி இரண்டு வாட்ஸ்அப் செய்தி படித்தால் தைலம் தேடுவார்.

துடிப்பு எவ்வளவு வேகமோ அவ்வளவு நல்லது. எல்இடி விளக்குகளுக்காக ஐஇஇஇ என்ற மின் பொறியாளர்கள் அமைப்பு 2015-ல் வெளியிட்ட 1789 என்ற பரிந்துரையைப் பார்த்தால் இதற்கு ஓர் அளவு கிடைக்கும். முழுதாக அணைந்து எரியும் வெளிச்சம் வினாடிக்குச் சுமார் 1,250 முறைக்கு மேல் துடித்தால் ஆபத்து குறைவு, சுமார் 3,000-ஐத் தாண்டினால் பாதிப்பே தெரியாது என்பது அதன் கணக்கு. சாம்சங்கின் அமோலெட் போன்களில் பல நெடுங்காலம் 240 ஹெர்ட்ஸிலேயே, அதாவது வினாடிக்கு 240 துடிப்பிலேயே, இருந்தன. ஐபோன்களில் ஓஎல்இடி (அமோலெட்டும் இந்த வகைதான்) வந்த பிறகு அவையும் 240-க்கும் 480-க்கும் இடையிலேயே சுற்றின. விலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். லட்ச ரூபாய் போனில் தலை வலித்தவருக்கு 12,000 ரூபாய் எல்சிடியில் ஒன்றும் செய்யாமல் போகலாம்.

கடையிலேயே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. டெமோ போனை எப்போதும் முழு வெளிச்சத்தில் வைத்திருப்பார்கள். அதை முதலில் கால் பங்குக்கு இறக்குங்கள், துடிப்பு நன்றாக வெளிப்படுவது அப்போதுதான். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு, உங்கள் பழைய போனின் கேமராவைப் புரோ மோடில் போட்டு, ஷட்டரை 1/2000 போல வைத்துத் திரையைப் பாருங்கள். மெதுவான துடிப்புள்ள திரையில் பட்டையான கறுப்புக் கோடுகள் ஓடும். வேகமான திரையில் கோடுகள் மெல்லியதாகவும் நெருக்கமாகவும் வரும், அல்லது வராமலே போகும். கடையின் எல்இடி விளக்கும் துடிக்கலாம். அதனால் கோடு திரையில் மட்டும் வருகிறதா, மேசை மேலும் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புரோ மோடு இல்லையென்றால் பேனா போதும். வெள்ளைத் திரைக்கு முன்னால் அதை வேகமாக விசிறினால், துடிக்கும் திரையில் ஒரே பேனா விட்டுவிட்டுப் பல பேனாக்களாகத் தெரியும். கடைப் பையன் ஒரு மாதிரி பார்ப்பான். பார்த்துவிட்டுப் போகட்டும்.

இதற்கு நடுவழியாக வந்தவைதான் வேகத் துடிப்பு அமோலெட்கள். 2023-ல் இந்தியாவுக்கு வந்த ஹானர் 90 துடிப்பு வேகத்தை 3,840 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனது. ஒன்பிளஸ் 12, நத்திங் போன் 2ஏ இரண்டும் 2,160. மோட்டோரோலாவின் எட்ஜ் வரிசையில் 'ஃப்ளிக்கர் பிரிவென்ஷன்' என்றே செட்டிங்ஸில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் துடிப்புக்குப் பதில் மின்சாரத்தைக் குறைத்து மங்க வைக்கும். ரொம்பக் குறைந்த வெளிச்சத்தில் நிறம் கொஞ்சம் திட்டுத்திட்டாகத் தெரியலாம், ஆனால் கண் வலிக்கு முன்னால் அது ஒரு குறையே இல்லை. துடிப்பு ஒத்துக்கொள்ளாமல் அமோலெட்டும் வேண்டும் என்பவர்களை நான் இந்தப் பக்கம்தான் தள்ளிவிடுவேன்.

ஏற்கெனவே மெதுவான அமோலெட் கையில் இருந்தால் உடனே மாற்ற வேண்டாம். வெளிச்சத்தைப் பாதிக்கு மேலேயே வைத்துவிட்டு, ஆண்ட்ராய்டு 12 முதல் வரும் 'எக்ஸ்ட்ரா டிம்' வசதியைப் போடுங்கள். ஐபோனில் அக்செசிபிலிட்டிக்குள் 'ரெட்யூஸ் வைட் பாயின்ட்' என்று இருக்கும். இவை விளக்கை இன்னும் அணைக்காமல் படத்தை மட்டும் இருட்டாக்குகின்றன. துடிப்பின் ஆழம் குறையும்.

அப்போ எல்சிடியே வாங்கிவிடலாமா? ராத்திரி வாசிப்புக்கு, குறிப்பாக மதினி மாதிரி ஆட்களுக்கு, சரி என்பேன், எல்சிடியில் இந்தத் துடிப்புத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. ரெட்மி 13 5ஜி, ஒன்பிளஸ் நோர்ட் சிஇ 3 லைட் போன்றவை ஃபுல் எச்டி எல்சிடி. பழைய ஐபோன் 11-உம் எல்சிடிதான், செகண்ட் ஹேண்டில் அதைத் தேடி வாங்குகிறவர்களில் கண்ணுக்காக வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் எல்சிடி என்ற ஒரே காரணத்துக்காக மலிவானதை எடுத்துவிடாதீர்கள். இப்போது எல்சிடி பெரும்பாலும் குறைந்த விலைப் போன்களில்தான் வருகிறது, அவற்றில் பலவற்றில் திரை வெறும் எச்டி பிளஸ். 6.7 அங்குலத்தில் அது அங்குலத்துக்குச் சுமார் 260 புள்ளி, ஃபுல் எச்டியில் 390. ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. தமிழில் சின்ன எழுத்தில் 'ண'வுக்கும் 'ன'வுக்கும் சுழி எத்தனை என்று கண் தேட ஆரம்பித்துவிடும். கடையில் தமிழ் செய்தித்தாளின் தளம் ஒன்றைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்காமல் ஒரு பத்தி படித்துப் பாருங்கள்.

பகலில் கதை தலைகீழ். சாதாரண எல்சிடி 500, 600 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தரும். இன்றைய நடுத்தர விலை அமோலெட்டுகளில் பல வெயிலில் 1,000-ஐத் தாண்டுகின்றன. சித்திரை வெயிலில் டெலிவரிக்கு ஓடுகிற தம்பிகளுக்கு ராத்திரித் துடிப்பைவிட, மேப் தெரியாமல் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பதுதான் பெரிய தொல்லை. அவர்களுக்கு அமோலெட்டே நல்லது. முழு வெளிச்சத்தில் துடிப்பும் அவ்வளவாக இருக்காது.

காகிதம் மாதிரித் திரைகளுக்கு வருவோம். டிசிஎல் உருவாக்கிய நெக்ஸ்ட்பேப்பர் அடிப்படையில் எல்சிடிதான், மேலே பளபளப்பு இல்லாத சொரசொரப்புக் கண்ணாடி போட்டிருப்பார்கள். 2025-ல் அல்காடெல் வி3 அல்ட்ரா மூலம் இது இந்தியாவுக்கு வந்தது. டியூப்லைட்டும் ஜன்னலும் திரையில் பிரதிபலிக்காமல் இருப்பதே ஒரு நிம்மதி. வாசிக்கும்போது கறுப்பு வெள்ளைக்கும் மாற்றிக்கொள்ளலாம். படம் பார்க்க மட்டும் கொஞ்சம் சோகையாகத் தெரியும். நிறைய வாசிக்கிறவருக்கு இந்த வகையைத் தயங்காமல் சொல்வேன். சர்வீஸ் எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் வாங்குவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மின்மை என்கிற இ-இங்க் திரை கண்ணுக்கு எல்லாவற்றையும் மிஞ்சும், வெயிலில் அச்சுத்தாள் போலவே இருக்கும். ஆனால் பூக்ஸ் பால்மா போன்ற, போன் அளவிலான இ-இங்க் கருவியை நம்மூர்க் கடைகளில் பார்ப்பது அரிது. 2023-ல் வந்த முதல் பால்மாவில் சிம் போடவே முடியாது. இரண்டாவது கருவியாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இதில் கடைக்காரர்கள் குழப்புகிற சங்கதி ஒன்று உண்டு. 'ஐ கம்ஃபர்ட்' என்று மஞ்சளாக்கும் வசதி நிறத்தை மட்டுமே மாற்றுகிறது, துடிப்பைத் தொடுவதில்லை. கண்ணாடிக் கடையில் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு தரும் 'ப்ளூ கட்' லென்ஸும், குறுகிய கால அளவில் கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2023-ல் சொல்லிவிட்டது. திரையை உற்றுப் பார்க்கையில் நாம் இமைப்பது பாதியாகக் குறைந்துவிடுகிறது. எரிச்சலுக்குப் பெரும்பாலும் அந்த வறட்சியே காரணம். நாற்பதைத் தாண்டியவர்கள் போனைக் கை நீட்டிப் பிடித்துப் படித்தால் அது வெள்ளெழுத்து, எந்தத் திரையும் அதைச் சரிசெய்யாது. சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்குக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கலங்கித் தெரியும், டார்க் மோடை அணைத்தாலே பாதி நிம்மதி. புதுப் போனுக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன் அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் ஒருமுறை கண்ணைக் காட்டிவிட்டு வந்தால் செலவே மிச்சமாகலாம்.

பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த திரையைக் கெடுக்கிற வேலை பில் போட்ட பிறகு நடக்கும். "பிரைவசி கிளாஸ் ஒட்டிரவாண்ணே?" என்பார்கள். அது வெளிச்சத்தை விழுங்கும், நேராகப் பார்த்தாலும் திரை மங்கும், பகலில் ஸ்லைடரைக் கடைசி வரை தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மலிவான மேட் கிளாஸில் எழுத்தின் மேல் பொடிப்பொடியாக மினுக்கும். தெளிவான சாதாரண டெம்பர்டு கிளாஸையே கேட்டு வாங்குங்கள், விலையும் குறைவு.