ஆபீஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு ஆண்ட்ராய்டு ஃபோகஸ் மோடு: என் அனுபவம்

கவனம் சிதறாமல் இருக்க ஆப் தேடுகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன்னால், உங்கள் போனிலேயே இருக்கிற ஃபோகஸ் மோடை, அதாவது நாம் தேர்ந்தெடுக்கிற ஆப்களைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கும் வசதியை, கொஞ்ச நாள் பயன்படுத்திப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போன் செட்டிங்ஸுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங் என்று ஒரு பகுதி இருக்கும். 2018-ல் ஆண்ட்ராய்டு 9 வந்தபோது வந்தது அது, ஃபோகஸ் மோடு அதற்கு அடுத்த ஆண்டு சேர்ந்தது. இலவசம், விளம்பரத் தொல்லையும் கிடையாது. நான் ஒரு சின்ன டிரேடிங் கம்பெனியில் ஆபீஸ் அசிஸ்டென்டாக இருக்கிறேன், பில் என்ட்ரி, பெட்டி கேஷ், தபால், கொரியர் எல்லாம் என் டேபிளில்தான், அந்தக் கண்ணோட்டத்தில்தான் இதை எழுதுகிறேன்.

"வேலை நேரத்தில் போனை டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிடு" என்று சொல்கிறவர்கள் நம் வேலையைப் பார்த்ததில்லை. டெலிவரி சலானை டிரைவர் அண்ணன் வாட்ஸ்அப்பில்தான் போட்டோ எடுத்து அனுப்புவார், பேங்க் ஓடிபி இதில்தான் வரும், கொரியர் பையன் கேட்டில் நின்றுகொண்டு இதற்குத்தான் கூப்பிடுவான், சார் வெளியூரில் இருந்தால் வாய்ஸ் மெசேஜில்தான் வேலை சொல்வார். அதே போனில்தான் ரீல்ஸ் இருக்கிறது, சொந்தக்காரர்கள் குரூப் இருக்கிறது, மேட்ச் ஸ்கோர் இருக்கிறது. போனையே மூடிவைக்க முடியாது, ஆனால் போனுக்குள் இருக்கிற சிலதை மூடியே ஆகவேண்டும்.

ஏன் மூடவேண்டும் என்றால், நம் வேலை பெரும்பாலும் எண்களைப் பார்த்து அடிக்கிற வேலை. ஒரு ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்தும் எண்ணும் கலந்து வரும், நெஃப்டில் பணம் அனுப்பியதற்கு பேங்க் தரும் யூடிஆர் எண் என்றால் 16. பேப்பரைப் பார்த்து டேலி கணக்கு சாஃப்ட்வேரில் பாதி அடித்திருக்கும்போது போன் ஒரு தடவை ஒளிர்ந்தால் போதும், கண் அங்கே போய்த் திரும்பி வரும்போது எந்த இடத்தில் விட்டோம் என்று தெரியாது, மறுபடியும் முதலிலிருந்து பார்க்கவேண்டும். பார்க்காமல் விட்டு ஒரு எழுத்து மாறிப்போனால், வாங்கியவருக்கு இன்புட் கிரெடிட் (அவர் கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்வது) காட்டாது, அவர் அக்கவுண்டன்ட் நமக்கு போன் போடுவார், அடுத்த மாத ரிட்டர்னில் திருத்தம் போடவேண்டும். ஒரு நொடி கவனச் சிதறலுக்கு இத்தனை பேர் வேலை கெடுகிறது, அதனால்தான் இந்த விஷயத்தை நான் இவ்வளவு முக்கியமாக நினைக்கிறேன்.

சரி, இது என்ன செய்கிறது? எந்தெந்த ஆப் வேண்டாம் என்று நாமே தேர்ந்தெடுத்து வைக்கலாம். ஆன் செய்ததும் அந்த ஐகான்கள் எல்லாம் நிறம் மங்கிப்போகும், அவற்றிலிருந்து நோட்டிஃபிகேஷன் வராது, தட்டினால் இது நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெட்டி வரும். போன் கால், எஸ்எம்எஸ் எல்லாம் வழக்கம்போல வரும், அதனால் ஓடிபிக்குக் குறையில்லை. எந்தக் கிழமை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று நேரம் குறித்துவிட்டால் தானாகவே ஆன் ஆகி ஆஃப் ஆகும், எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், ஏனென்றால் தினமும் காலையில் மனக்கட்டுப்பாட்டோடு ஒரு பட்டனை அமுக்கவேண்டும் என்றால் நாலு நாளில் விட்டுவிடுவோம். டீ குடிக்கப் போகும்போது 5, 15 அல்லது 30 நிமிடம் இடைவேளை எடுக்கவும் வழி இருக்கிறது.

ஆன் செய்வதற்கு முன்னால் டிஜிட்டல் வெல்பீயிங்கில் ஒரு நாளைக்கு எந்த ஆப்பிலிருந்து எத்தனை நோட்டிஃபிகேஷன் வந்தது என்கிற கணக்கைப் பாருங்கள். நான் இன்ஸ்டாகிராம்தான் காரணம் என்று நினைத்திருந்தேன், கணக்கில் முதலிடத்தில் இருந்தது வாட்ஸ்அப்.

பெரிய சிக்கலும் அங்கேதான். ஆபீஸ் குரூப்பை மட்டும் விட்டுவிட்டுக் குடும்ப குரூப்பை நிறுத்து என்று ஃபோகஸ் மோடிடம் சொல்ல முடியாது, நிறுத்தினால் மொத்த வாட்ஸ்அப்பும் நிற்கும். இதற்கு நான் செய்திருப்பது, வேலைக்குச் சம்பந்தமில்லாத குரூப்களை எல்லாம் ஆர்கைவில் போட்டுவிட்டேன். புது மெசேஜ் வந்தாலும் அவை உள்ளேயே கிடக்கும், மேலே வராது, சாயங்காலம் பஸ்ஸில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு சிம் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது: ஆபீஸ் நம்பரை வாட்ஸ்அப் பிசினஸில் போட்டுக்கொள்ளுங்கள், அது தனி ஆப் என்பதால் சாதாரண வாட்ஸ்அப்பை மட்டும் ஃபோகஸ் மோடில் நிறுத்திவிடலாம்.

ஃபாரஸ்ட் ஆப்பையும் பயன்படுத்தினேன். தைவானைச் சேர்ந்த சீக்ர்டெக் நிறுவனத்துடையது, டைமர் வைத்தால் திரையில் ஒரு மரம் வளரும், நடுவில் வேறு ஆப்புக்குப் போனால் மரம் பட்டுப்போகும், சேர்கிற காயின்களைக் கொண்டு உண்மையான மரமும் நடவைக்கலாம். அழகான யோசனை, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சொல்வேன். ஆனால் டிரைவர் அனுப்பிய சலானை நடுநடுவே திறந்து பார்த்தே ஆகவேண்டிய நமக்கு அது ஒத்துவராது. எந்த ஆப்பைத் திறக்கலாம் என்று பட்டியல் வைக்க அதிலும் இடம் உண்டு, என்றாலும் தொடர்ந்து அரைமணி நேரம் யாரும் கூப்பிடாமல் உட்கார முடிந்தவர்களுக்கான ஆப் அது.

குறைகளையும் சொல்லவேண்டும். ஃபோகஸ் மோடை உடைப்பது ரொம்பச் சுலபம், அந்தப் பெட்டியிலேயே 5 நிமிடம் மட்டும் பார்க்கிறேன் என்று தட்டினால் திறந்துவிடும். யூடியூப் ஆப்பை நிறுத்தினாலும் குரோமில் போய் யூடியூப் பார்க்கலாம். அப்புறம், வாட்ஸ்அப் வெப் கம்ப்யூட்டரில் திறந்தே கிடந்தால் போனில் நிறுத்தி என்ன பயன்? விண்டோஸ் 11 இருந்தால் கீழே வலது ஓரத்தில் தேதியைத் தட்டுங்கள், ஃபோகஸ் என்று இருக்கும், நிமிடத்தைக் குறித்து ஆரம்பித்தால் அந்த நேரம் முழுக்க அறிவிப்புகள் மேலே வந்து விழாது. போனையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து அடக்கிய பிறகுதான் எனக்கு உண்மையான வித்தியாசம் தெரிந்தது.

மனிதர்களை நிறுத்த எந்த ஆப்பும் இல்லை. ஜெராக்ஸ், டீ, "அந்த ஃபைல் எங்கம்மா" எல்லாம் வந்துகொண்டேதான் இருக்கும், அது நம் வேலையின் பாதி, அதைத் தொந்தரவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். "சார், பத்தரையிலிருந்து பதினொன்றரை வரைக்கும் பில் என்ட்ரி போடுவேன், அவசரம்னா போன் பண்ணுங்க, மெசேஜ் போட்டா முடிச்சிட்டுப் பார்க்கிறேன்" என்று எங்கள் சாரிடம் சொன்னேன், உடனே சரி என்றுவிட்டார். அந்த ஒரு மணி நேரத்தில் ஃபோகஸ் மோடு தானாக ஆன் ஆகிவிடும். மாதா மாதம் ரிட்டர்ன் போடுகிற கம்பெனிக்கு ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனைக் கணக்கு ரிட்டர்னுக்குக் கடைசி நாள் அடுத்த மாதம் 11-ம் தேதி, அதனால் மாதத்தின் முதல் பத்து நாள் மட்டும் இந்த நேரத்தை இரண்டு மணி நேரமாக நீட்டிவைக்கிறேன்.

சில பிராண்ட் போன்களில் இதே பெயரில் வேறு மாதிரி அமைப்பு இருக்கும், மெனுவின் பெயரும் மாறும், ஆன் செய்வதற்கு முன் உங்கள் போனில் ஆப்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு நான்கு ஸ்டார் கொடுக்கிறேன். வாட்ஸ்அப்புக்குள் இன்ன குரூப்பை மட்டும் இன்ன நேரம் நிறுத்து என்று சொல்ல வழி வந்தால் அந்த ஐந்தாவதையும் கொடுத்துவிடுவேன்.