நெட்வொர்க் மார்க்கெட்டிங் ஸ்டார்ட்டர் கிட்: உள்ளே இருப்பதில் எது தேறும்?

பொருளை விற்றும், கீழே ஆள் சேர்த்தும் சம்பாதிக்கலாம் என்பதுதான் நெட்வொர்க் மார்க்கெட்டிங். கம்பெனி எதுவானாலும், ஐடி போட்டு உறுப்பினரானதும் கைக்கு வருவது ஒரு பெட்டி. கொஞ்சம் சரக்கு, ஒரு கையேடு, யாருக்கு எப்படிப் பணம் வரும் என்ற பிளானைக் காட்டும் ஸ்லைடுகள், பெயர்ப்பட்டியல் எழுத ஒரு நோட்டு, ஒரு ஆப்பின் லாகின். அதன் பின்னாலேயே மாதச் சந்தாப் பயிற்சியும் கூட்டங்களுக்கான டிக்கெட்டும் வரும். லேபிள் மாறலாம், உள்ளே இருப்பது பெரும்பாலும் இவைதான். தனிப்பட்ட எந்தக் கம்பெனியையும் குறிவைக்காமல், இந்த வகைப் பெட்டியைப் பிரித்துப் போட்டுப் பார்க்கலாம்.

எடைபோட ஒரே கேள்வி போதும். வருமான ஆசை துளியும் இல்லாத, நெட்வொர்க்குக்கு வெளியே இருக்கும் ஒருவர், பொருளுக்காகவே பணம் கொடுத்து வாங்கவும் மறுபடி வாங்கவும் இது உதவுமா?

இந்தக் கேள்விக்கு வழக்குகளின் பின்னணி உண்டு. 1975-ல் கோஸ்காட் என்ற அழகுசாதன கம்பெனியின் வழக்கில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் பிரமிட் திட்டத்துக்கு இரண்டு அடையாளங்களைச் சொன்னது. உறுப்பினர் பணம் கட்டி, பொருளை விற்கும் உரிமையை வாங்குகிறார். கூடவே, ஆள் சேர்த்தால் வெகுமதி பெறும் உரிமையையும் வாங்குகிறார், அந்த வெகுமதிக்கும் பொருள் கடைசி நுகர்வோரிடம் போய்ச் சேர்வதற்கும் சம்பந்தம் இருக்காது. 1979-ல் ஆம்வே பிரமிட் அல்ல என்று கமிஷன் முடிவு செய்தபோது அதன் மூன்று விதிகள் கைகொடுத்தன: விற்காத சரக்கைத் திரும்ப எடுப்பது, வாங்கியதில் 70 சதவீதத்தையாவது விற்றிருப்பது, மாதம் 10 சில்லறை வாடிக்கையாளருக்காவது விற்றிருப்பது. அதே தீர்ப்பு வருமானத்தை மிகைப்படுத்திச் சொன்னதைக் கண்டித்தது. கூட்டங்களில் இந்தப் பகுதியை யாரும் வாசிப்பதில்லை. 2016-ல் இன்னொரு நெட்வொர்க் கம்பெனியான ஹெர்பாலைஃப் 20 கோடி டாலர் கட்டி அதே அமைப்புடன் உடன்பாட்டுக்கு வந்தது. விநியோகஸ்தர்களுக்குத் தரும் வெகுமதியில் மூன்றில் இரண்டு பங்காவது சரிபார்க்கப்பட்ட சில்லறை விற்பனையிலிருந்து வர வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை.

பிளான் ஸ்லைடுகள்

பெட்டியிலேயே அதிக நேரம் செலவிட வேண்டியது இதில்தான். கிட்டில் இதுதான் மிக மோசமாக எழுதப்பட்டிருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, உங்களுக்கு வரும் கமிஷன் எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்பது. விலையின் மேல் அல்ல, ஒவ்வொரு பொருளுக்கும் கம்பெனி வைத்திருக்கும் பிவி என்ற புள்ளியின் மேல். ஒரு பொருளின் சில்லறை விலை 100, உறுப்பினர் விலை 80, பிவி 50 என்று வைத்துக்கொள்வோம். முதல் லெவலுக்கு, அதாவது நீங்கள் நேரடியாகச் சேர்த்தவர்கள் வாங்குவதற்கு, 5 சதவீதம் என்று ஸ்லைடில் பெரிதாகப் போட்டிருக்கும். அது 50-ன் மேல் 5 சதவீதம், அதாவது 2.50. அதே பொருளை நீங்களே வெளி ஆளுக்கு விற்றால் கிடைப்பது 20. ஒரு சில்லறை விற்பனைக்கு ஈடாக, உங்களுக்குக் கீழே சேர்ந்தவர்களிடம், அதாவது டவுன்லைனில், 8 கொள்முதல் நடக்க வேண்டும். தொடக்க மாதங்களில் பணம் எங்கிருந்து வரும் என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும். ஆனால் ஸ்லைடில் சில்லறை லாபத்துக்கு ஒரு வரி, லெவல் வருமானத்துக்குப் பன்னிரண்டு பக்கம்.

அடுத்தது, அந்த 20 உண்மையிலேயே நிற்குமா என்பது. பொருளின் பெயரை ஆன்லைனில் தேடிப் பாருங்கள். தேங்கிய சரக்கைத் தள்ளிவிட நினைக்கும் உறுப்பினர்கள் அதையே 82-க்குப் போட்டிருந்தால், கையேட்டில் எழுதியிருக்கும் சில்லறை லாபம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். சேருவதற்கு முன் பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது.

பிளானின் வகையைப் பொறுத்துச் சிக்கலும் மாறும். பைனரியில் உங்களுக்குக் கீழே லெஃப்ட், ரைட் என்று இரண்டே லெக், அதாவது கிளை. பணம் எப்போதும் பலவீனமான லெக்கின் மேல்தான். லெஃப்டில் 1,000, ரைட்டில் 300 பிவி இருந்தால் 300-க்குத்தான் 10 சதவீதம், அதாவது 30. மீதி 700 அடுத்த மாதத்துக்குப் போகிறதா, அழிக்கப்படுகிறதா என்பது விதிமுறையின் பின்பக்கத்தில் இருக்கும். “அப்லைன் (உங்களுக்கு மேலே இருப்பவர்) உங்களுக்குக் கீழே ஆள் போட்டுத் தருவார்” என்ற ஸ்பில்ஓவர் வாக்குறுதியும் இங்கேதான் வரும். அவர் ஆள் போடுவது ஒரே லெக்கில். அது ஏற்கெனவே பலமான லெக். பணம் தருவது நீங்கள் தனியாகக் கட்ட வேண்டிய மற்ற லெக்.

மேட்ரிக்ஸில் 3-க்கு 7 என்றால், ஒருவருக்குக் கீழே 3 பேர், அப்படி 7 லெவல்; நிரம்பியபின் மொத்த இடம் 3,279. வருமான எடுத்துக்காட்டு அத்தனையும் நிரம்பியதாக வைத்தே போடப்பட்டிருக்கும். குரூப்பின் புள்ளி கூடக் கூடப் பதவி உயரும் ஸ்டெப் பிளானில் வேறு அடி: கீழே இருக்கும் நல்ல உறுப்பினர் ஒருவர் பதவி உயர்ந்து பிரிந்து போகும்போது, அவருடைய குரூப்பின் புள்ளிகளும் உங்கள் கணக்கிலிருந்து போய்விடும். நேற்று வரை தகுதி இருந்த பதவி இன்று இல்லை. எத்தனை பேரையும் நேரடியாகச் சேர்த்து, லெவல் வாரியாகக் கமிஷன் வாங்கும் யூனிலெவல் இவற்றில் படிக்க எளிது, ஏமாறும் இடமும் குறைவு.

“ஆளுக்கு 5 பேர்” படம் எல்லா வகையிலும் உண்டு. 5-ஐ 5-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் 15-வது லெவலில் 3,000 கோடியைத் தாண்டுகிறது. உலக மக்கள்தொகையோ சுமார் 800 கோடி. இப்படிப் படம் போட்டுக் காட்டும் பயிற்சியாளர் கணக்கில் கெட்டிக்காரராக இருக்க முடியாது, அல்லது ரொம்பவே கெட்டிக்காரர்.

கமிஷன் வாங்க மாதாமாதம் குறைந்தபட்ச அளவுக்கு நீங்களே வாங்கி ஆக்டிவாக இருக்க வேண்டும் என்ற விதியையும் கழித்துப் பார்க்க வேண்டும். ஆக்டிவாக 80-க்கு வாங்கி, கமிஷனாக 30 வந்தால், கமிஷன் ஸ்டேட்மென்ட் 30 என்று காட்டும். அந்தப் பொருளை எப்படியும் வாங்கியிருக்க மாட்டீர்கள் என்றால், உங்கள் பையிலிருந்து 50 போயிருக்கிறது.

வருமான அறிக்கை ஒன்று கொடுத்திருந்தால் அது கிட்டுக்குக் கூடுதல் மதிப்பெண். ஆனால் சராசரியைப் பார்க்காதீர்கள். 100 பேரில் 95 பேருக்கு ஆளுக்கு 10, 5 பேருக்கு ஆளுக்கு 1,000 என்றால் சராசரி 59.50 வரும், வரிசையில் நடுவே நிற்பவர் வாங்கியது 10. எதுவுமே சம்பாதிக்காதவர்களைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா, செலவைக் கழித்திருக்கிறார்களா என்று அடிக்குறிப்பில் தேடுங்கள். ஃபெடரல் டிரேட் கமிஷன் ஊழியர்கள் 2024-ல் இப்படிப்பட்ட 70 அறிக்கைகளை அலசியபோது, பெரும்பாலான உறுப்பினர்கள் ஆண்டுக்கு 1,000 டாலரோ அதற்கும் குறைவாகவோதான் பெற்றிருந்தார்கள். பல அறிக்கைகள் செலவைப் பற்றிப் பேசவே இல்லை.

பெயர்ப்பட்டியலும் ஸ்கிரிப்டும்

100 பெயர் எழுதச் சொல்லும் நோட்டு பயனுள்ளதுதான், தலைப்பைத் திருத்தினால். கிட்டில் அது “யாரைச் சேர்க்கலாம்” பட்டியல். “இந்தப் பொருள் யாருக்குத் தேவை” என்று மாற்றி எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்று கட்டம்: இப்போது இதற்குப் பதில் என்ன பயன்படுத்துகிறார், எவ்வளவு நாளைக்கு ஒருமுறை வாங்குகிறார், அதில் அவருக்கு என்ன குறை. மூன்றும் நிரம்பாத பெயரை அழைக்க வேண்டாம். 100 பெயர் 25 ஆகிவிடும், அது நல்லதுதான். சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் முதல் வாரத்திலேயே அழைத்துத் தீர்த்துவிடுவதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் விபத்து. பொருளைப் பற்றி இரண்டு கேள்விக்குக்கூடப் பதில் தெரியாத நிலையில் நெருங்கியவர்களிடம் போனால், அந்த வாசல் மறுபடி திறக்காது.

அழைப்பு ஸ்கிரிப்டில் பாதி குப்பை. “ஒரு முக்கியமான விஷயம், நேரில் சொல்கிறேன்” என்று கம்பெனி பெயரை மறைத்து வரவழைப்பது, வந்தவருக்குக் கோபத்தைத்தான் தரும். முதல் இரண்டு வாக்கியத்துக்குள் கம்பெனி பெயர், பொருள் என்ன, எவ்வளவு நேரம் ஆகும் என்ற மூன்றும் வந்துவிட வேண்டும். மறுப்புக்குப் பதில் சொல்லும் பகுதியில் “உங்கள் உணர்வு புரிகிறது, எனக்கும் அப்படித்தான் இருந்தது, பிறகு தெரிந்துகொண்டேன்” என்ற மூன்று படிச் சூத்திரம் இருக்கும். பலமுறை கேட்டுப் புளித்தது. “இது பிரமிடா?” என்று கேட்பவருக்கு உணர்வு தேவையில்லை. திரும்ப எடுக்கும் விதியையும், வெளி வாடிக்கையாளர் விற்பனை எத்தனை சதவீதம் என்பதையும் காட்டுங்கள். காட்ட முடியவில்லை என்றால் அந்தக் கேள்வி நியாயமானது.

அப்லைனைச் சேர்த்துக்கொண்டு மூவராகப் பேசும் உத்தி ஓரளவு உதவும். புதியவருக்கு வாய் தடுமாறும் இடத்தில் அனுபவசாலி பேசுவார். ஆனால் மூன்றாமவர் இருக்கிறார் என்பதை எதிராளிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஐந்தாறு அழைப்புகளுக்குப் பிறகு தனியாகப் பேசப் பழக வேண்டும்.

கையேட்டில் உண்மையிலேயே தங்கம் என்று சொல்லக்கூடியது ஃபாலோஅப் பக்கம், அதையும் ஆள் சேர்ப்புக்காக எழுதியிருப்பார்கள். விற்பனைக்கு இப்படித் திருப்பலாம்: 60 மாத்திரை, நாளுக்கு 2 என்றால் டப்பா 30 நாளில் தீரும். 3-வது நாள், சரியாகப் பயன்படுத்துகிறாரா என்று கேளுங்கள். பாதிப் பேர் டப்பாவைத் திறந்தே இருக்க மாட்டார்கள். 12-வது நாள், திருப்தியா, ஒத்துக்கொள்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். 23-வது நாள், அடுத்த டப்பா வேண்டுமா என்று கேளுங்கள். 30-வது நாள் கேட்டால் அவர் ஏற்கெனவே வேறு எங்கோ வாங்கியிருப்பார்.

நோயைக் குணப்படுத்தும் என்ற வாசகமோ, வங்கிக் கணக்கின் ஸ்கிரீன்ஷாட்டோ கிட்டில் இருந்தால் அதை அப்படியே பகிராதீர்கள். பதிவு உங்கள் பெயரில் இருக்கும். சிக்கல் வந்தால் பல கம்பெனிகள் முதலில் செய்வது உறுப்பினரின் ஐடியை முடக்குவதுதான்.

சரக்கு

சிறிய பெட்டி போதும். “பெரிய பேக் எடுத்தால் நேரடியாக மேல் பதவி” என்ற சலுகையில்தான் பலருடைய பணம் அலமாரியில் முடங்குகிறது. நான்கு வாரத்தில் விற்ற அளவை விட அதிகமாக எப்போதும் இருப்பு வைக்காதீர்கள். புதியவர் ஒருவர் விற்றதே இல்லை என்பதால், அவருடைய சரியான இருப்பு செயல்விளக்கத்துக்கு ஒரு செட், அவ்வளவே. பெட்டி வந்த அன்றே காலாவதித் தேதியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கும் குறைவாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

திரும்ப எடுக்கும் விதியில் சதவீதத்தை விட நிபந்தனைகள் முக்கியம். நேரடி விற்பனை நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பின் நெறிமுறை, விலகும் உறுப்பினர் கடைசி 12 மாதத்தில் வாங்கிய, மறுபடி விற்கத்தக்க சரக்கைத் திரும்ப எடுக்கச் சொல்கிறது; பிடித்தம் 10 சதவீதம் வரை. உங்கள் கம்பெனியின் விதி இதைவிடக் குறுகியதா என்று ஒப்பிடுங்கள். சீல் உடைந்தால், பருவப் பொருளானால், நிறுத்தப்பட்ட பொருளானால் விலக்கு இருக்கும். திரும்பிப் போகும் சரக்குக்கு வந்த கமிஷனையும் பிடித்துக்கொள்வார்கள்.

சந்தா, கூட்டம், ஆப்

ஆப்பில் ஆர்டர் போடுவதும் புள்ளி பார்ப்பதும் போதும். தனி இணையப் பக்கத்துக்கு மாதக் கட்டணம் கேட்டால் வேண்டாம். எல்லா உறுப்பினருக்கும் ஒரே பக்கம், பெயர் மட்டும் வேறு. வாடிக்கையாளர் விவரத்துக்கு ஒரு சாதாரண எக்செல் தாள் போதும்.

கூட்டத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இதை விற்பதில் அப்லைனுக்குப் பங்கு உண்டா? உண்டு என்றால் உங்களைச் சந்தாவில் வைத்திருப்பதே அவருக்குத் தனி வருமானம். உங்கள் விற்பனை கூடாவிட்டாலும் அவருக்கு நட்டமில்லை. நிகழ்ச்சி நிரலில் பொருள் பயிற்சிக்கும் வாடிக்கையாளர் பராமரிப்புக்கும் பாதி நேரமாவது இல்லை என்றால் டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. கைதட்டலும் விருதும் இலவசக் காணொளியிலேயே கிடைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் சேர நினைப்பவர், மிகச் சிறிய கிட்டை எடுத்து, சந்தாவை மறுத்து, நெட்வொர்க்குக்கு வெளியே 10 வாடிக்கையாளர் இரண்டாவது முறை வாங்கும் வரை யாரையும் சேர்க்காமல் இருக்கலாம். 90 நாளில் அந்தப் பத்து வரவில்லை என்றால், குறை பெரும்பாலும் விலையிலோ பொருளிலோதான் இருக்கும். அதே பொருளை விற்கச் சொல்லி இன்னொருவரைக் கீழே சேர்ப்பதில் அர்த்தமில்லை.

சேரும் அன்றே ஆட்டோஷிப், அதாவது மாதாமாதம் தானாக ஆர்டர் போகும் வசதிக்கான டிக் தானாகவே போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்த எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும், மின்னஞ்சல் போதுமா, கார்டு விவரத்தை நீக்க முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அப்லைனிடம் “நிறுத்திவிடுங்கள்” என்று சொன்னது கம்பெனிக்குச் சொன்னதாகாது.