ரேடார் பிரிதிறன்: அதிர்வெண்ணைப் படிப்படியாகக் கோப்பதா, கணக்கால் பிரிப்பதா?

சென்னை தரமணியில் எங்கள் ஆய்வகத்தின் மொட்டைமாடியில், தகரத்தை வெட்டி மடித்துச் செய்த இரண்டு மூலை எதிரொளிப்பான்கள் (வந்த திசையிலேயே அலையைத் திருப்பி அனுப்புபவை) ஒன்றன்பின் ஒன்றாக 60 செ.மீ. இடைவெளியில் நிற்கின்றன. அவற்றை நோக்கும் யு.எஸ்.ஆர்.பி. பி210 எஸ்.டி.ஆர். (மென்பொருளால் இயங்கும் வானொலி) கருவியின் பட்டை அகலம், அதாவது ஒரே நேரத்தில் கையாளும் அதிர்வெண் பரப்பு, அதிகபட்சம் 56 மெகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தைப் பட்டை அகலத்தின் இருமடங்கால் வகுத்தால் வருவதே தொலைவுப் பிரிதிறன் (இரண்டு பொருள்களைத் தனித்தனியே காணத் தேவையான மிகக்குறைந்த இடைவெளி) என்பதால், ஏறத்தாழ 2.7 மீட்டருக்குள் நிற்கும் இரண்டு பொருள்கள் அதற்கு ஒன்றாகவே தெரியும். அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் எஃப்.எஃப்.டி. கணக்குக்கு முன் தரவோடு சுழியங்களைச் சேர்த்தால் வரைபடம் வழவழப்பாகுமே தவிர, அந்த ஒற்றை மேடு இரண்டாகாது. மாணவர்கள் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இதைத் தாண்ட இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, அதிர்வெண்ணைச் சிறு படிகளாக நகர்த்தி, கிடைத்த துண்டுகளைக் கட்டம் (அலை தன் சுழற்சியில் இருக்கும் நிலை) பிசகாமல் கோப்பது. 400 மெகாஹெர்ட்ஸ் சேர்ந்தால் பிரிதிறன் 37.5 செ.மீ. ஆகிறது, இரண்டு தகரங்களும் தனித்தனியே எழுந்து நிற்கின்றன. ஆனால் ஒவ்வொரு முறை அதிர்வெண்ணை மாற்றும்போதும் உள்ளலையியற்றியின் (கருவிக்குள் அடிப்படை அலையை உருவாக்கும் சுற்று) கட்டம் வேறோர் இடத்தில் தொடங்குவதால், அனுப்பும் அலையில் ஒரு சிறு பங்கைப் வலிமையைக் குறைக்கும் போதிய தணிப்பானோடு கேபிள் வழியே கருவியின் இரண்டாவது ஏற்பிக்குக் கொடுத்து, அதையே அளவுகோலாகக் கொண்டு ஒவ்வொரு துண்டையும் திருத்த வேண்டும். இந்தக் கேபிளைச் சேர்க்காத நாள்களில் எங்களுக்குப் படமே கிடைத்ததில்லை. எதிரே நிற்பது அசையவும் கூடாது: 5.8 கிகாஹெர்ட்ஸில் 1 செ.மீ. நகர்ந்தாலே எதிரொலியின் கட்டம் ஏறத்தாழ 140 பாகை திரும்பிவிடும். மாலையில் கடற்காற்று எழுந்து பக்கத்துத் தென்னை மட்டை ஆடத் தொடங்கினால் அந்தத் திசை முழுவதும் கலங்கிவிடுகிறது.

இரண்டாவது வழி மியூசிக் (MUSIC) போன்ற உயர்பிரிதிறன் கணக்குமுறைகள்; பட்டை அகலத்தைக் கூட்டாமல், கலந்த எதிரொலிகளைக் கணக்கால் பிரிப்பவை. இவற்றுக்கு ஒரே 56 மெகாஹெர்ட்ஸ் துண்டு போதும், நொடியில் எடுத்துவிடலாம். ஆயினும் எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்பதை நாமே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். மூன்று என்று தவறாகச் சொன்னால் இல்லாத மூன்றாவதும் முளைக்கக்கூடும். வரைபடத்தில் எழும் முனையின் உயரம் எதிரொலியின் வலிமையையும் குறிக்காது. எல்லா எதிரொலிகளும் ஒரே அலையிலிருந்து பிறந்தவை என்பதால் இம்முறைக்கு அவற்றைப் பிரித்தறிவது கடினம்; அதனால் தரவைத் துணைத்துண்டுகளாக்கிச் சராசரி எடுக்க வேண்டியிருக்கிறது. அதில் இருக்கும் பட்டை அகலத்திலும் ஒரு பகுதி செலவாகிறது. இரைச்சல் சற்றுக் கூடினாலும் இரண்டு முனைகள் ஒன்றாகிவிடுகின்றன.

அசையாத காட்சிக்கு நான் தயங்காமல் முதல் வழியையே சொல்வேன். அது புதிய தகவலைக் கொண்டுவருகிறது, இரண்டாவது இருக்கும் தகவலின் மேல் ஓர் அனுமானத்தை வைக்கிறது. அலை பரப்புவதற்கான பரிசோதனை உரிமம் குறுகிய பட்டைக்கே கிடைத்தாலோ, பொருள் வேகமாக நகர்ந்தாலோ மட்டும் இரண்டாவதற்குப் போகலாம். முதல் வழியில் வைஃபை நிறைந்த படிகளை நாங்கள் விட்டுவிட்டு, அந்த இடைவெளியை மட்டும் ஐதான மீட்புக் கணக்கால் (காட்சியில் சில பொருள்களே உள்ளன என்று கொண்டு விடுபட்ட தரவை மீட்பது) நிரப்புகிறோம். சில படிகள் இல்லாதபோதும் தகரங்கள் இரண்டாகவே தெரிந்தன.