பேசுவதா, சும்மா வாசிப்பதா, உட்கார்ந்து வரைவதா?

புத்தகமும் ஓவியமும் பிடிக்கும், ஆனால் தனியாகவே செய்து அலுத்துவிட்டது. அக்கம்பக்கத்தில் நாலு பேரோடு சேர்ந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறதா? மூன்று வழிகள் இருக்கின்றன: மாதம் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசும் வாசகர் வட்டம், ஒன்றாக உட்கார்ந்து அவரவர் புத்தகத்தை வாசிக்கும் மௌன வாசிப்பு, வெளியே போய் நேரில் பார்த்து வரையும் குழு. எதில் சேரலாம் என்று யோசிக்கும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே அது என்னிடம் என்ன எதிர்பார்க்கிறது?

வாசகர் வட்டம் நிறைய எதிர்பார்க்கும். புத்தகத்தை முடித்திருக்க வேண்டும். பாதியில் நிற்பவர் முதல் மாதம் கூச்சத்தோடு வருவார், அடுத்த மாதம் ஏதோ வேலை என்பார், அப்புறம் வரவே மாட்டார். பல வட்டங்கள் இப்படித்தான் கரைகின்றன. ஆனால் திருப்பித் தருவதும் அதிகம். கெட்டவன் என்று நான் முடிவுகட்டிவிட்ட ஒரு பாத்திரத்துக்காக இன்னொருவர் பக்க எண் சொல்லி வாதாடியதைக் கேட்டு, வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் படித்திருக்கிறேன். எனக்கு இது வேறு எங்கும் கிடைத்ததில்லை. நாவலுக்குப் பதில் ஒரு சிறுகதையை எடுத்து, அங்கேயே ஆளுக்கு ஒரு பத்தியாக உரக்க வாசித்துவிட்டுப் பேசினால் படிக்காமல் வரும் சங்கடமே இல்லை. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த வடிவத்தைத்தான்.

மௌன வாசிப்பு இதற்கு நேர் எதிர். 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் நண்பர்கள் இருவர் தொடங்கிய ‘சைலன்ட் புக் கிளப்’ இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. கையில் ஏதாவது ஒரு புத்தகம் இருந்தால் போதும். கொஞ்ச நேரம் பேச்சு, ஒரு மணி நேரம் வாசிப்பு, விருப்பமிருந்தால் மறுபடி பேச்சு. புதியவர்களோடு பேசத் தயங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. சுற்றிலும் எல்லோரும் வாசிக்கும்போது ஃபோனை எடுக்கக் கை போவதே இல்லை. குறை என்றால், ஆறு மாதம் போய்வந்த பிறகும் பக்கத்து நாற்காலிக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம்.

அடுத்தது வரைதல். என் ஓட்டு இதற்குத்தான். பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ 2007-இல் இணையத்தில் தொடங்கிய ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ குழுவின் முக்கிய விதி, புகைப்படத்தைப் பார்க்காமல் நேரில் நின்று பார்த்து வரைவது. ஒரு நோட்டும் பேனாவும் போதும். முன்கூட்டி எதையும் முடித்திருக்க வேண்டாம். ‘எனக்கு வரைய வராதே’ என்ற பயத்தை மட்டும் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும்.

அந்தப் பயம் தீரும் இடம் கடைசிப் பத்து நிமிடம். எல்லோரும் நோட்டுகளைத் திறந்து தரையில் வரிசையாக வைப்பார்கள். ஒரே பழைய கட்டடம்தான். ஒருவர் முழுக் கட்டடத்தையும் பக்கத்துக்குள் அடக்கியிருப்பார். இன்னொருவர் ஜன்னல் கொக்கியை மட்டும், அதன் துருவோடு வரைந்திருப்பார். ஒரு சிறுமி கட்டடத்தை விட்டுவிட்டு அதன்மேல் சாய்த்திருந்த சைக்கிளை வரைந்திருப்பாள். குனிந்து பார்க்கும்போது கோடு கோணலா என்பது யார் கண்ணிலும் படாது. ‘இதை நான் கவனிக்கவே இல்லையே’ என்ற குரல்தான் கேட்கும். அங்கிருந்து பேச்சு தானாகவே தொடங்கிவிடும். பாட்டியும் பேத்தியும் சரிசமமாக உட்கார முடிவது இங்கேதான்.

வரையவே வேண்டாம், பார்த்தால் போதும் என்பவர்கள் பக்கத்தில் ஓவியக் கூடமோ அருங்காட்சியகமோ இருந்தால் ‘ஸ்லோ ஆர்ட் டே’ பாணியை எடுத்துக்கொள்ளலாம்: ஐந்து படைப்புகள், ஒவ்வொன்றின் முன்னும் பத்து நிமிடம், அப்புறம் உட்கார்ந்து பேச்சு.

வரைதலுக்கு எதிரி மழை. அன்றைக்கு மௌன வாசிப்பு நடக்கும் இடத்துக்கே நோட்டோடு போய்விடலாம். ஒரு மணி நேரம் அவ்வளவாக அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் வேறெங்கே கிடைப்பார்கள்? முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரையுங்கள்.