செரெங்கெட்டி போகிறவர்களே, ஓல்டுவாய் அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள்
தான்சானியாவில் இங்கோரோங்கோரோவிலிருந்து செரெங்கெட்டிக்குப் போகிற வழியில்தான் ஆதி மனித எச்சங்கள் கிடைத்த ஓல்டுவாய் பள்ளத்தாக்கு இருக்கிறது, சிங்கம் பார்க்கும் அவசரத்தில் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், அதனால் சஃபாரி பதிவு செய்யும்போதே இங்கே இரண்டு மணி நேரம் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். அருங்காட்சியகம் பெரிதில்லை. ஆனால் பக்கத்து லேட்டோலி என்ற இடத்தில் கிடைத்த காலடித் தடங்களின் வார்ப்பு முன்னால் நின்றால் நகர மனசு வராது: சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஈர எரிமலைச் சாம்பலில் நிமிர்ந்து நடந்த மனித முன்னோடிகள் விட்டுச்சென்றவை, அவர்களின் கால் பெருவிரல் கிட்டத்தட்ட நம்முடையதைப் போல நேராக இருக்கிறது, மூளையோ அப்போது சிம்பன்சியுடையதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. நடைதான் முதலில் வந்திருக்கிறது, பெரிய மூளை ரொம்பப் பிந்தி.

1959இல் தொல்லியலாளர் மேரி லீக்கி, அழிந்துபோன மனித உறவினம் ஒன்றின் 'ஸிஞ்ச்' என்ற மண்டையோட்டைக் கண்டெடுத்த பள்ளத்தாக்கு வெளியே விரிந்து கிடக்கிறது. மேலே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பாமல் வழிகாட்டியோடு கீழே இறங்குங்கள். சுமார் 18 லட்சம் ஆண்டுப் பழைய அடுக்குகளில் கல்கருவிகளும், இறைச்சி அறுத்த கீறல் விழுந்த விலங்கெலும்புகளும் கிடைத்த மண் அது. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

அப்புறம், ஏயாசி ஏரிப் பக்கம் வாழும் ஹட்சா மக்களை 'ஆதி மனிதர்கள்' என்று விற்கிற டூர் வேண்டாம். வேட்டையும் தேனும் கிழங்குமாக வாழ்ந்தாலும் அவர்கள் இன்றைய மனிதர்கள்.